மூன்று மீசை

எண்ணூர் விரைவுச் சாலையில் கண்டெய்னர் லாரிகள் வரிசைகட்டி நின்றுவிட்டால் அதற்குப் பிறகு நேரத்துக்குக் கணக்கில்லை. ஓட்டுநர் இறங்கி வண்டி நிழலிலேயே துண்டு விரித்துப் படுத்துவிடுவார். அந்த வரிசைக்கும், கடலரிப்பைத் தடுக்கக் கொட்டிவைத்த பாறாங்கற்களுக்கும் நடுவே ஒரு முழ அகலத்துக்கு மண் கிடக்கும். மண் என்பது மரியாதைக்குச் சொல்வது. பாதி ரப்பிஷ், மீதி கரித்தூளும் கடல் மணலும். அதில் ஒரு புல் முழங்கால் உயரத்துக்கு நிற்கிறது. தண்டின் உச்சியில், துணி கிழிந்து கம்பி மட்டும் மிஞ்சிய குடையைப் போல எட்டுப் பத்து விரல்கள். விரல்களின் நிறம் ஊதா. மழை ஓய்ந்த ஜனவரியில், காலை வெயில் கடல் பக்கமிருந்து சாய்வாக விழும்போது, திருவொற்றியூரிலிருந்து கத்திவாக்கம் வரை சாலையோரம் முழுக்க ஓர் ஊதாக் கோடு ஓடும். படுத்திருக்கும் ஓட்டுநரின் தலைமாட்டிலும் அது ஆடிக்கொண்டிருக்கும்.

மரத்தின் பெயரைக் கேட்பவர்கள் உண்டு. பூவின் பெயரைக் கேட்பவர்கள் இன்னும் அதிகம். புல்லுக்குப் பெயர் உண்டு என்று நினைப்பவர்களே குறைவு. புல் என்றால் புல்தான். புற்குடும்பத்தில் பத்தாயிரத்துக்கும் மேற்பட்ட இனங்கள் உலகில் இருக்கின்றன. நெல், கரும்பு, மூங்கில் எல்லாம் அந்தக் குடும்பம்தான். சோறு போடும் குடும்பத்தில் சோறு போடாத உறவினர்களை நாம் ஒரே சொல்லில் அடைத்துவிட்டோம்.

ஆடு மாடு வைத்திருப்பவர்கள் அப்படி அடைப்பதில்லை. ராயபுரம் பக்கம் ரயில்வே மதிலோரம் இரண்டு ஆடுகளை ஓட்டிக்கொண்டு வந்த ஓர் அம்மா, நான் புல்லைக் கிள்ளி லென்ஸில் பார்ப்பதைச் சற்று நேரம் நின்று கவனித்தார்.

“இன்னாத்துக்கு சார் புல்ல மூஞ்சாண்ட வச்சு பாக்குற?”

“பேரு கண்டுபுடிக்கத்தாம்மா.”

“இதுக்கு இன்னாத்துக்கு பூதக்கண்ணாடி? இது மயிலுகொண்ட. தோ, அது காக்காகாலு.”

“ஆடு எத துன்னும்?”

“பச்சையா இருந்தா ரெண்டையும் துன்னும். மயிலுகொண்ட பூ முத்திப் போச்சுன்னா வாய்ல குத்தும். மூக்கால தள்ளிட்டுப் போய்டும்.”

இந்த அத்தியாயத்துக்குத் தேவையான தாவரவியலில் பாதியை அந்த அம்மா சொல்லி முடித்துவிட்டார். அருகருகே நிற்கும் இரண்டு விரற்புற்களை வேறு வேறு என்று பிரித்தார். அதில் ஒன்றின் பூ முத்தினால் குத்தும் என்றார். ஏன் குத்துகிறது, எத்தனை ஊசிகள் குத்துகின்றன என்பதைப் பார்க்கத்தான் லென்ஸ். பத்து மடங்கு பெருக்கும் மடக்கு லென்ஸ் ஒன்று போதும். நகைக்கடைக்காரர்கள் வைத்திருப்பார்களே, அதேதான்.

முதலில் இது புல்தானா என்று உறுதி செய்துகொள்வோம். பக்கிங்காம் கால்வாய் ஓரத்தில் கோரையும் நிறைய நிற்கும். தூரத்தில் இரண்டும் ஒன்று போலவே தெரியும். தண்டை இரு விரலுக்கிடையே வைத்து உருட்டிப் பாருங்கள். கோரையின் தண்டு பெரும்பாலும் முப்பட்டையாக இருக்கும், உருளாது, கணுவும் தட்டுப்படாது. புல்லின் தண்டில் மூங்கிலைப் போலக் கணுக்கள் இருக்கும். இலையின் அடிப்பகுதி உறையாகித் தண்டைச் சுற்றியிருக்கும். உறை முடிந்து இலை விரியும் மூலையைப் பிரித்துப் பார்த்தால் உள்பக்கம் ஒரு சிறு சவ்வோ மயிர் வரிசையோ இருக்கும். அதற்கு இலைநா என்று பெயர். நம் ஊதாப் புல்லான மயில்கொண்டையில் அது அரை மில்லிமீட்டர் அளவுக்கு ஒரு விளிம்பு மட்டுமே. அதன் ஓரத்தில் நுண்மயிர். இலையின் அடியில் மட்டும் நீண்ட மயிர்கள் சில நிற்கும். அடித்தண்டை மூடியிருக்கும் உறைகள் உருண்டையாக இல்லாமல், இரண்டு பக்கமும் அமுக்கிவிட்டதுபோலத் தட்டையாக, முதுகில் ஒரு விளிம்போடு இருக்கும். இவையெல்லாம் சந்தேகத்தைக் குறைக்கும் அடையாளங்கள். வழக்கை முடித்துவைப்பது கதிர்தான்.

கதிருக்குப் போவதற்கு முன் கூழ்க்கடைக்கு ஒரு நடை போய் வரலாம். ஆடி மாதம் வடசென்னையில் கேவுரு கூழ் ஊற்றாத தெரு குறைவு. அந்தக் கேழ்வரகின் கதிரைப் பார்த்தவர்களுக்கு விரற்கதிர் என்றால் என்னவென்று விளக்க வேண்டாம். தண்டின் உச்சியில் ஒரே இடத்திலிருந்து விரல்கள் கிளம்பி உள்ளங்கை மூடுவதுபோல வளைந்து நிற்கும். கேழ்வரகின் காட்டு உறவுக்காரன் ஒருவன், எல்யூசின் இண்டிகா, நம் சாலையோரத்திலேயே இருக்கிறான். அருகம்புல்லுக்கும் விரல்கள்தான், மெலிந்தவை. அந்த அம்மா காக்காகாலு என்று காட்டியதும் விரற்கதிர்தான். அதன் அறிவியல் பெயர் டாக்டைலோக்டினியம் ஈஜிப்டியம். எண்ணூர் மணலில் ஓராண்டுப் புல்லாக எங்கும் படர்ந்திருக்கும். இத்தனையும் விரல் வைத்திருப்பதால் “விரல் இருக்கிறது” என்பது அடையாளமே ஆகாது. ஊதா நிறமும் ஆகாது. இளங்கதிரில் அடர்ந்திருக்கும் நிறம் முற்ற முற்ற வெளுத்து வைக்கோல் நிறத்துக்கு வந்துவிடும். முதலில் கண்ணைக் கவரும் இரண்டுமே நீதிமன்றத்தில் நிற்காத சாட்சிகள்.

ஆகவே விரலின் நுனியைப் பாருங்கள். காக்காய்க்கால் புல்லில் விரலின் அச்சு, பூக்களைத் தாண்டி வெறும் முள்ளாக நீட்டிக்கொண்டிருக்கும். காக்கையின் விரலில் நகம் இருப்பதைப் போல. பெயர் வைத்தவர்கள் எத்தனை கூர்ந்து பார்த்திருக்கிறார்கள்! கேழ்வரகின் உறவுக்காரனில் அந்த நகம் கிடையாது. விரலின் கடைசி நுனி வரை பூ இருக்கும், பூக்களில் குத்தும் ஊசியும் இருக்காது. பத்து விநாடியில் முடிகிற சோதனை இது. லென்ஸ்கூட வேண்டாம். நாளெல்லாம் தாவரம் படித்தவர்களே அவசரத்தில் இந்த இரண்டையும் மாற்றி எழுதிவிடுவதுண்டு, நுனியைப் பார்க்காமல் விட்டதால். நானும் எழுதியிருக்கிறேன்.

நம் ஊதாக் குடையிலோ விரல் முழுக்க மீசை. தமிழில் இதற்கு மீசை என்பதைவிடப் பொருத்தமான சொல் இல்லை. மீசை நெல், கம்பு மீசை என்று உழவர்கள் சொல்வது இந்த ஊசியைத்தான். எண்ணூர்க் கடற்கரையின் பழைய குடிமகனான ஸ்பைனிபெக்ஸ் என்ற மணற்புல்லுக்கே ராவணன் மீசை என்றுதான் பெயர். லத்தீனிலும் அதே பார்வை கொஞ்சம் கீழே இறங்கி வந்திருக்கிறது: மயில்கொண்டையின் அறிவியல் பெயரான குளோரிஸ் பார்பேட்டா என்பதில் ‘பார்பேட்டா’ என்றால் தாடி உள்ளது. குளோரிஸ் கிரேக்கப் புராணத்தில் பூக்களின் தேவதை. தாடி வைத்த தேவதை என்று யாரும் யோசிக்கவில்லை போலிருக்கிறது.

இனி ஒரு விரலைக் கிள்ளி உள்ளங்கையில் வையுங்கள். விரலின் ஒரு பக்கத்தில் மட்டும், இரண்டு வரிசையாகச் சிறுகதிர்கள் நெருக்கமாக அடுக்கியிருக்கும். ஒரு சிறுகதிரை ஊசி முனையால் பிரித்தெடுக்க வேண்டும். மீசையை விட்டுவிட்டால் இரண்டு, இரண்டரை மில்லிமீட்டர் இருக்கும், எள்ளைவிடச் சிறியது. அதை நெல்லோடு ஒப்பிட்டால் எளிதில் பிடிபடும். ஒரு நெல்மணியின் உமி இரண்டு ஓடுகளாகப் பிரியும் என்பது நமக்குத் தெரியும். வெளி ஓட்டுக்கு லெம்மா என்றும் உள் ஓட்டுக்குப் பேலியா என்றும் பெயர். மீசை நெல்லில் மீசை முளைப்பது லெம்மாவின் நுனியிலிருந்து. இங்கும் அப்படியே. சிறுகதிரின் அடியில் இரண்டு மெல்லிய செதில்கள். அவற்றுக்கு மேல் ஓர் உண்மையான பூ. அதற்குள்தான் மணி உருவாகும். அந்தப் பூவின் லெம்மா நுனியில் ஒரு மீசை. ஓரத்தில் மென்மயிர் இருக்கும்.

அதற்கும் மேலே பாருங்கள். இன்னும் இரண்டு லெம்மாக்கள், ஒன்றுக்குள் ஒன்று செருகியதுபோல. இரண்டும் காலி; பூ இல்லை, மணி இல்லை. ஆனால் காற்றடைத்த பலூன் மாதிரி உப்பியிருக்கும். வெறும் ஓடுகளுக்கு எதற்கு இத்தனை உப்பல் என்று கேட்கத் தோன்றும். அந்த இரண்டு காலி ஓடுகளுக்கும் ஆளுக்கொரு மீசை. ஆக ஒரு சிறுகதிருக்கு மூன்று மீசை. ஒன்று, இரண்டு, மூன்று. இந்த உப்பலைப் பார்த்துத்தான் 19ஆம் நூற்றாண்டில் இதற்குக் குளோரிஸ் இன்ஃப்ளேட்டா, ஊதியது என்று இன்னொரு பெயரும் வைத்தார்கள். அந்தப் பெயர் பிறகு முந்தைய பெயருக்குள் அடங்கிவிட்டது.

மூன்று என்பது ஏன் முக்கியம் என்றால், இரண்டு மீசை வைத்த ஒரு பங்காளி இருக்கிறான். குளோரிஸ் விர்கேட்டா. தமிழ்நாட்டிலும் இருக்கிறான்; உலகின் வெப்ப நாடுகள் பலவற்றிலும் பரவிக் கிடக்கிறான். இவன் ஐயத்துக்கு இடமில்லாத ஓராண்டுப் புல். தூரத்திலிருந்து பார்த்தால் அதே விரல்கள்தான், ஆனால் குடையாக விரியாமல் இறகுத் தூரிகை போல நிமிர்ந்து நெருங்கி நிற்கும். நிறம் வெளிர்ந்திருக்கும். கதிர் வெளிவரும் முன் அதை மூடியிருக்கும் மேல் உறை சற்றுப் புடைத்திருக்கும். சிறுகதிரைப் பிரித்தால் ஓர் உண்மைப் பூ, அதற்கு மேலே ஒரே ஒரு காலி ஓடு, அதுவும் உப்பியிருக்காது. மீசை இரண்டுதான். உண்மைப் பூவின் லெம்மா முதுகு கூன் விழுந்திருக்கும். அதன் உச்சியில் வெள்ளை மயிர் ஒரு கொத்து, இரண்டு மூன்று மில்லிமீட்டர் நீளத்துக்குக் குஞ்சம் கட்டியதுபோல நிற்கும். இந்தக் குஞ்சமும் இரண்டு மீசையும் சேர்ந்தால் விர்கேட்டா. உப்பல் ஓடும் மூன்று மீசையும் சேர்ந்தால் பார்பேட்டா. ஊதா நிறத்தில் விர்கேட்டாவும் வரலாம், வெளுத்த நிறத்தில் பார்பேட்டாவும் வரலாம். மீசை எண்ணிக்கை மட்டும் மாறாது.

மாட்டுத் தீவனத்துக்காக வளர்க்கப்படும் ரோட்ஸ் புல்லும் இதே குளோரிஸ் சாதிதான். ஆப்பிரிக்காவின் பல்லாண்டுப் புல், தரையில் ஓடும் தண்டுகளால் பரவும். தன் பண்ணையில் அதை விதைத்த செசில் ரோட்ஸின் பெயர் ஒட்டிக்கொண்டது. துறைமுகச் சாலையில் அதனோடு நமக்கு வேலையில்லை.

மே மாதம் போனால் என்ன செய்வது? மணிகள் உதிர்ந்துவிட்டிருக்கும், விரல்கள் எலும்புக்கூடாக நிற்கும். அப்போதும் ஒரு வழி இருக்கிறது. குளோரிஸில் பூப்பகுதி அடிச் செதில்களை விட்டுவிட்டு மேலே முறிந்து விழும். அதனால் காய்ந்த விரலில் அந்தச் செதில் ஜோடிகள் மட்டும் ஒரே பக்கமாக, மீன் முள்ளைப் போல வரிசையாக மிஞ்சியிருக்கும். காசிமேட்டிலிருந்து நடந்து வருபவர்களுக்கு இந்த உவமை கைவசம் இருக்கும். இனத்தை உறுதியாகச் சொல்ல முடியாவிட்டாலும் குளோரிஸ் வீட்டுப் பிள்ளை என்று சொல்லிவிடலாம். செடியின் அடியில் மண்ணைத் துழாவினால் உதிர்ந்த உப்பல் ஓடுகள் ஒன்றிரண்டு கிடைக்கும். பிறகு மீசையை எண்ணுவதற்குத் தடையில்லை.

அடையாளம் முடிந்தது. இனிதான் சிக்கல். இது எந்த ஊர்ப் புல்?

2008இல் சி. சுதாகர் ரெட்டி தொகுத்த இந்திய அயல்தாவரப் பட்டியலில் 173 இனங்கள் இருக்கின்றன. அதில் குளோரிஸ் பார்பேட்டாவும் ஒன்று. தாயகம் வெப்பமண்டல அமெரிக்கா என்று எழுதியிருக்கிறது. ஹவாய்த் தீவுகளின் தாவர நூலும் அமெரிக்காவையே சொல்கிறது. அறிவியல் பெயரின் பின்னால் நிற்கும் ‘ஸ்வா.’ என்ற சுருக்கம் ஓலோஃப் ஸ்வார்ட்ஸ் என்ற சுவீடன்காரருடையது. அவர் 1780களில் ஜமைக்கா பக்கம் சுற்றிச் செடி சேகரித்தவர். மேற்கிந்தியத் தீவுகளின் தாவரங்களைப் பற்றி 1797இல் அவர் வெளியிட்ட நூலில்தான் குளோரிஸ் பார்பேட்டா என்ற பெயர் வருகிறது. இதுவரை அமெரிக்கக் கதை ஒழுங்காகவே போகிறது.

ஆனால் ஸ்வார்ட்ஸ் புதுப் பெயர்தான் வைத்தார். புல் ஏற்கெனவே புத்தகம் ஏறியிருந்தது. 1771இல் லின்னேயஸ் இதை ஆண்ட்ரோபோகன் பார்பேட்டஸ் என்று எழுதியிருந்தார். அதே பெயரை அவரே முன்பு வேறொரு புல்லுக்கு வைத்துவிட்டதால் அது செல்லாமல் போயிற்று. அந்த 1771 நூலில் லின்னேயஸ் இப்புல்லின் வாழிடமாகக் குறித்தது கிழக்கிந்தியா. மாதிரியை அனுப்பியவர் அவருடைய மாணவர் கோனிக். யோஹன் கெர்ஹார்ட் கோனிக் 1768இல் தரங்கம்பாடிக்கு மருத்துவராக வந்து, பின்னாளில் ஆற்காட்டு நவாபிடமும் சென்னைக் கம்பெனி அரசிடமும் இயற்கையியலாளராக இருந்தவர். சோழமண்டலக் கரையின் தாவரங்கள் பல ஐரோப்பாவுக்குப் போய்ச் சேர்ந்தது அவர் கைவழியாக.

அமெரிக்கப் புல் என்று பட்டியலில் இருப்பதற்குப் பெயர் சூட்டப்பட்டது நம் பக்கத்து மாதிரியை வைத்து! அப்படியானால் 1771க்கு முன்பே அது இங்கே ஒருவர் கண்ணில் படும் அளவுக்கு இருந்திருக்கிறது. போர்த்துக்கீசியர் கப்பல்கள் அதற்கு வெகுகாலம் முன்பே அமெரிக்காவிலிருந்து மிளகாயையும் முந்திரியையும் கிளப்பிவிட்டிருந்தன. ஒரு புல்லின் மீசை எந்தச் சாக்கிலும் ஒட்டி வரும். பட்டியல் தவறு என்று இதனால் ஆகிவிடாது. ஆனால் மூன்று மீசை என்பதை நான் எண்ணிச் சொல்கிறேன். அமெரிக்கா என்பதை ஒருவர் மற்ற ஆதாரங்களை எடைபோட்டுத் தீர்மானித்திருக்கிறார். இரண்டையும் ஒரே மாதிரி உறுதியோடு பள்ளிப் பிள்ளைக்குச் சொல்லிக்கொடுப்பதில் எனக்குச் சம்மதமில்லை.

தாவரவியலாளர்கள் வெளியூர்ச் செடிகளை மூன்று படியாகப் பிரிப்பார்கள். கப்பலிலிருந்து சிந்திய விதை ஒரு பருவம் முளைத்து, மறு பருவம் காணாமல் போனால் அது வழிப்போக்கன். யாரும் விதைக்காமல், நீர் ஊற்றாமல், தானே விதைத்துத் தானே முளைத்துத் தலைமுறைகளாக நிலைத்துவிட்டால் இயல்பாகிவிட்ட செடி. நிலைத்ததோடு நிற்காமல் அக்கம்பக்கத்தை நெருக்கித் தள்ளினால் ஆக்கிரமிப்புச் செடி. தமிழில் இவை எல்லாவற்றையும் வந்தேறி என்ற ஒரே சொல்லில் போட்டுவிடுகிறார்கள். நெல்லூரிலிருந்தும் பர்மாவிலிருந்தும் வந்தவர்கள் வீடு கட்டிக் குடியிருக்கும் வடசென்னையில் அந்தச் சொல்லை உச்சரிக்க எனக்கு வாய் வருவதில்லை. மயில்கொண்டை இரண்டாம் படியில் உறுதியாக நிற்கிறது. மூன்றாம் படியில் ஏறியதா என்பது எந்த நிலத்தைப் பற்றிப் பேசுகிறோம் என்பதைப் பொறுத்தது.

துறைமுகங்களில் இப்படிப்பட்ட செடிகள் குவிவது புதிதல்ல. பிரான்சில் மோன்பெலியே நகரின் பக்கம் போர் ழுவெனால் என்ற இடத்தில் வெளிநாட்டுக் கம்பளியைக் கழுவி உலர்த்தினார்கள். ரோமத்தில் சிக்கி வந்த விதைகள் அங்கேயே முளைத்தன. அந்தக் களத்துச் செடிகளுக்கென்று கோத்ரோன் என்ற தாவரவியலாளர் 1853இல் தனி நூலே எழுதினார். ஸ்காட்லாந்தில் கம்பளி ஆலைகள் நிறைந்த கலாஷீல்ஸ் ஊரில் ஆற்றோரத்தை அலசிய ஐடா ஹேவார்டும் ட்ரூஸும் 1919இல் வெளியிட்ட நூலில் 348 இனங்கள் வந்தன. ஆட்டு ரோமத்தில் சிக்கி வர என்ன வேண்டும்? மீசை வேண்டும். ஒரு மயில்கொண்டை மீசையை நுனியிலிருந்து அடிக்கு விரலால் உருவுங்கள், பிறகு அடியிலிருந்து நுனிக்கு. ஒரு திசையில் வழுக்கும், மறு திசையில் சொரசொரக்கும். முன்னோக்கிச் சாய்ந்த நுண்பற்கள்தான் காரணம். முத்தின பூ ஆட்டின் வாயில் குத்துவதும் இதே பற்களால்தான். எண்ணூர்ச் சாலையில் ஆட்டு ரோமம் இல்லாவிட்டால் என்ன, தார்பாய் இருக்கிறது, சாக்கு இருக்கிறது, டிரெய்லரின் அடியில் கட்டிகட்டியாகக் காய்ந்த சேறு இருக்கிறது, என் கால்சட்டையும் இருக்கிறது.

விதை வந்து சேர்ந்தால் மட்டும் போதாது. கால் வைக்க இடம் வேண்டும். அந்த இடத்தையும் துறைமுகமே உண்டாக்கிக் கொடுத்தது. ராயபுரம் ரயில் நிலையம் 1856இல் தென்னிந்தியாவின் முதல் ரயில் பாதைக்குத் திறக்கப்பட்டபோது சென்னைக்குத் துறைமுகச் சுவர் கிடையாது. கப்பல்கள் நடுக்கடலில் நிற்க, மசூலாப் படகுகள் அலையைத் தாண்டிச் சரக்கை இறக்கின. 1875இல் வேல்ஸ் இளவரசர் அடிக்கல் நாட்டினார், கட்டிக்கொண்டிருந்த அலைதடுப்புச் சுவர்களை 1881 நவம்பர்ப் புயல் நொறுக்கியது, மறுபடி கட்டினார்கள். சோழமண்டலக் கரையில் மணல் ஆண்டு முழுவதையும் கூட்டிப் பார்த்தால் தெற்கிலிருந்து வடக்காக நகர்வது. சுவர் அதை வழிமறித்தது. தெற்கே தேங்கிய மணல் மெரினாவாக அகன்றது. வடக்கே போய்ச் சேர வேண்டிய மணல் போகவில்லை. ராயபுரமும் திருவொற்றியூரும் நூறாண்டுக்கு மேலாகக் கரையை இழந்துகொண்டே வந்தன. மிச்சத்தைக் காப்பாற்றப் பாறாங்கல் கொட்டினார்கள்.

ராவணன் மீசை தளர்ந்த மணலில் ஓடிப் பிடித்து மேடு கட்டும் புல். கல்லில் அதற்கு வாழத் தெரியாது. மணல் போன இடத்தில் அதுவும் போயிற்று. கல்லிடுக்கும் ரப்பிஷும் தார் விளிம்பும் மயில்கொண்டைக்குச் சொந்த வீடு மாதிரி. அது யாரையும் விரட்டி இடம் பிடித்ததாக எனக்குத் தோன்றவில்லை. காலியான இடத்தில் வந்து உட்கார்ந்தது.

வெயிலும் அதற்குத் தோது. கரும்பு, சோளம் போல இதுவும் சி-4 வகை ஒளிச்சேர்க்கை செய்யும் புல். இலைக்குள் கரியமிலவாயுவை முதலில் செறிவாக்கி, பிறகு நரம்பைச் சுற்றியிருக்கும் செல்களிடம் ஒப்படைக்கும் ஏற்பாடு அது. சுள்ளென்று காயும் கான்கிரீட் ஓரத்தில் குறைந்த நீருக்கு நிறைய உணவு செய்ய அது உதவும்.

இன்னொரு திறமை கொஞ்சம் திகைக்க வைக்கிறது. ஒடிசாவின் கஞ்சம் பகுதியில் ஒரு காரக்-குளோரின் ஆலையின் பாதரசக் கழிவைக் கொட்டிய நிலத்தில் இதே குளோரிஸ் பார்பேட்டா வளர்ந்து நின்றது. அங்கு நின்ற செடிகள் பாதரசத்தை எவ்வளவு தாங்குகின்றன என்று பத்ரா, லெங்கா, பாண்டா ஆகிய ஆய்வாளர்கள் சோதித்து 1994இல் ‘நியூ ஃபைட்டாலஜிஸ்ட்’ இதழில் எழுதினார்கள். கழிவு நிலத்துச் செடிகளுக்குப் பாதரசத் தாங்குதிறன் இருந்தது. காட்மியம், துத்தநாகம் ஆகியவற்றையும் சேர்த்து ஆராய்ந்தார்கள். நஞ்சு நிலத்தில் தாங்கக்கூடியவை மட்டும் பிழைத்து விதைவிட, தாங்குதிறன் அந்த ஊர்க் கூட்டத்தின் சொத்தாக மாறுவது தாவரங்களில் அறியப்பட்ட ஒன்று. ஆகவே மணலி, எண்ணூர்ப் பக்கம் பசுமையாக ஒரு புல்வெளியைப் பார்த்ததும் மண் தேறிவிட்டது என்று சான்றிதழ் எழுதிவிட வேண்டாம். பெயரைப் பாருங்கள் முதலில். ஒன்றுமே முளைக்காத மண்ணுக்கும் எல்லாம் முளைக்கும் மண்ணுக்கும் நடுவில், இந்தப் புல் மட்டும் முளைக்கும் மண் என்று ஒன்று உண்டு.

கடைசியாக ஒரு கேள்வி: இது ஓராண்டுப் புல்லா, பல்லாண்டுப் புல்லா? சீனத் தாவர நூல் ஓராண்டு என்கிறது. வேறு சில நூல்கள் குறுகிய காலப் பல்லாண்டு என்கின்றன. நூலாசிரியர்கள் கவனக்குறைவானவர்கள் அல்லர். பனி விழும் நாட்டில் இந்தக் கேள்விக்குக் குளிர்காலமே பதில் சொல்லிவிடும். செத்தது ஓராண்டு, மீண்டது பல்லாண்டு. சென்னையில் செடியைக் கொல்வது குளிர் அல்ல, ஏப்ரலுக்குப் பிந்தைய வறட்சி. அதுவும் எல்லா இடத்திலும் கொல்வதில்லை. தண்ணீர்க் குழாய் கசியும் மூலையில் அதே தூர் மறு மழை வரை தாக்குப்பிடிக்கும். பத்தடி தள்ளி நிற்கும் தூர் மே மாதத்தில் காய்ந்து, ஐப்பசி மழையில் அதன் விதைகள் முளைக்கும். ஒரே இனம், ஒரே தெரு, இரண்டு ஆயுள்.

இதைச் சோதிக்க ஆய்வகம் வேண்டாம். ஒரு தூரை வேரோடு கெல்லி எடுத்துத் தண்ணீரில் அலசுங்கள். எல்லாத் தண்டுகளும் கதிர் விட்டிருந்து, வேர் மெல்லிய நாராக, இழுத்ததும் வந்துவிட்டால் ஓராண்டு வாழ்க்கை. போன பருவத்துத் தண்டுகளின் கருத்த அடிக்கட்டைகள் இருந்து, பக்கத்தில் கதிர் விடாத புதுத் தளிர்கள் கிளம்பியிருந்தால், தரையில் சாய்ந்த தண்டின் கீழ்க்கணுக்களில் வேர் இறங்கியிருந்தால், அது இன்னொரு பருவத்துக்குத் திட்டம் போட்டிருக்கிறது. சாலையோரத்தில் இந்த இரண்டு விதமும் கிடைக்கும்.

நம் ஊர்ப் புற்களை இப்படி மண்ணோடு பிடுங்கிப் பார்த்து எழுதியவர்கள் நமக்கு முன்னால் இருந்திருக்கிறார்கள். கோயம்புத்தூர் வேளாண் கல்லூரியின் ரங்காச்சாரி, ததுலிங்கத்தின் துணையோடு தென்னிந்தியப் புற்களுக்கென்று ஒரு கைநூல் எழுதினார். 1921இல் சென்னை அரசு அச்சகம் வெளியிட்டது. குளோரிஸ் சாதியிலேயே ஒரு புதிய இனத்துக்கு, குளோரிஸ் போர்னி என்று பெயர் வைத்தவர்கள் அந்த இருவர்தான். 1929இல் மயூரநாதன் சென்னை நகரத்துப் பூக்கும் தாவரங்களைத் தொகுத்தார். சென்னை அருங்காட்சியகம் அதை வெளியிட்டது. இந்த நூல்களுக்குப் பின்னால் இருப்பவை செய்தித்தாளுக்கிடையே அழுத்தி உலர்த்திய செடிகளும், ஒவ்வொன்றின் மூலையில் ஒட்டிய ஒரு சீட்டும்தான்.

நீங்களும் ஒரு சீட்டு எழுதலாம். கதிர், இலை, தண்டு, வேர் நான்கும் உள்ள ஒரு செடியை எடுங்கள். வேரில் ஒட்டிய கரியை முழுவதும் கழுவ வேண்டாம், கொஞ்சம் இருக்கட்டும். பழைய செய்தித்தாளில் மடித்து, மேலே கனமான புத்தகம் வையுங்கள். ஈரம் இழுத்த தாளைத் தினமும் மாற்றுங்கள், கடலோரக் காற்றில் பூஞ்சணம் சீக்கிரம் பிடிக்கும். சீட்டில் தேதி. இடம்: எண்ணூர் விரைவுச் சாலை, கடல் பக்கம், இத்தனையாவது மின்கம்பம். மண்: ரப்பிஷ், கரித்தூள், மணல். உயரம். விரல்களின் எண்ணிக்கை. நிறத்தை அங்கேயே எழுதிவிடுங்கள், வீட்டுக்கு வந்து தாளைத் திறக்கும்போது ஊதா மங்கியிருக்கும். சிறுகதிருக்கு மீசை: மூன்று. இனப்பெயர்: குளோரிஸ் பார்பேட்டா. உள்ளூர்ப் பெயர்: மயில்கொண்டை, சொன்னவர் ஆடு மேய்ப்பவர். ஆயுள் என்ற இடத்தை மட்டும் காலியாக விட்டு, ஜூன் மாதம் அதே மின்கம்பத்துக்கு ஒரு கரண்டியோடு போய் வாருங்கள்.